செவ்விலையும் வண்ணக்கோலும்

பேராக்கு மாநிலத்துச் சித்தியவான் வட்டாரத்தில், பால்மரக் காடுகளின் நடுவே வாழ்ந்தோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஆண்டின் தொடக்கத்தில் மழை குறைந்து வெயில் ஏறும் நாட்களில் ரப்பர் மரம் தன் இலைகளை உதிர்க்கும். உதிர்க்குமுன் அவ்விலை பசுமை நீங்கி மஞ்சளாகும். மஞ்சள் முதிர்ந்து செம்பாகும். பின்னர்ச் சில நாட்களுக்குக் காடு முழுவதும் தீப்பற்றினாற் போலச் சிவந்து நிற்கும். அதன்பின் துளிர்க்கும் தளிரும் எடுத்த எடுப்பில் பச்சையாய் வருவதில்லை. செம்பு நிறத்தோடு பிறந்து, நாட்கள் செல்லச் செல்லவே அது பசுமை கொள்ளும். தென் அமெரிக்காவின் அமேசான் காட்டிலிருந்து வந்த அம்மரம், தாய்நிலத்துப் பழக்கத்தை மலாயா மண்ணிலும் விடவில்லை.

அந்தச் சிவப்பு தொழிலாளிக்கு அழகு மட்டுமன்று. இலையுதிர் காலத்தில் பால் குறையும். பால் குறைந்தால் வரும்படி குறையும். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, இருள் பிரியாத காட்டில் மரம் சீவச் சென்ற நம் முன்னோர், பொழுது புலர்ந்ததும் தலைக்குமேல் விரிந்த செவ்விலைகளைக் கண்டு மகிழ்ந்தும் இருப்பர். பெருமூச்சு விட்டும் இருப்பர். அழகும் அல்லலும் கலந்த அக்காட்சியை நம்மவர் கையால் தீட்டிய படம் எத்தனை இல்லங்களில் தொங்குகிறது? விரல்விட்டு எண்ணவும் வேண்டுமோ?

தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி இதனைக் கண்ணாரக் கண்டு, பள்ளிக்கூடத்தில் ஓவியப் பாட வேளையில் மரத்தைச் சிவப்பாகத் தீட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "மரம் பச்சையல்லவா? சிவப்பு மரத்தை எங்கே கண்டாய்?" என்ற கேள்வியே அவளை எதிர்நோக்கும். அவள் தன் கண்ணை நம்பாது, பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்து, பச்சைக் கோலைக் கையில் எடுத்துக்கொள்வாள். இஃது ஒரு சிறு நிகழ்ச்சி என்று தள்ளிவிடுதற்கில்லை. தான் கண்டதைக் காணவில்லை என்று சொல்லப் பழகிய பிள்ளை, நாளை தான் பட்டதைப் படவில்லை என்று சொல்லவும் பழகிவிடும் அன்றோ?

மரம் பச்சை என்னும் விதியை வகுத்தவர் யார்? அதனை முறித்தவர் யார்? இவ்வரலாற்றை நம்மவர் அறிந்துகொள்ளுதல் நலம்.

விதி பிறந்த இடம்

ஐரோப்பாவில் நெடுங்காலம் ஓவியக் கல்வி என்பது பார்த்து எழுதும் பயிற்சியாகவே இருந்தது. முதலில் கோடு, பின்னர் நிழல், கடைசியில் வண்ணம் என்பதே அங்கு நின்ற வரிசை. கோடு அறிவின் பாற்பட்டது என்றும், வண்ணம் வெறும் உணர்ச்சியின் பாற்பட்டது என்றும் சொல்லி, வண்ணத்தைக் கோட்டுக்குக் கீழே வைத்த அறிஞரும் பலர். இங்கும் ஒரு மேல் கீழ் இருந்ததைப் பாருங்கள்! மேல் கீழ் வகுப்பதில் நம் நாட்டாருக்கும் பயிற்சி குறைவன்று. நிறத்தைக் குறிக்கும் வருணம் என்ற வடசொல்லையே பிறப்பின் ஏற்றத்தாழ்வுக்குப் பெயராக்கி, கைத்தொழில் செய்வோனைக் கீழே தள்ளிய நாடு நம்முடையது.

அந்த ஐரோப்பியக் கல்விமுறை ஆங்கில ஆட்சியுடன் கப்பலேறி வந்தது. 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசினர் அதனை ஏற்று நடத்தினர். கைவினைஞர்க்குத் தொழிற்பயிற்சி தந்து, கைக்கு ஒரு மதிப்பைத் தேடித் தந்த நன்மை அப்பள்ளிக்கு உண்டு. அதனை மறுப்பது நன்றியன்று. ஆனால் பயிற்சியின் அடிப்படை, முன்னே வைத்த மாதிரியைப் பிழையறப் பார்த்து எழுதுவதாகவே பல்லாண்டுகள் நின்றது. மாதிரியில் உள்ளதே சரி; கண்ணில் உள்ளது பிழை.

மலாயாவின் நிலத்தையும் ஆளவந்தோர் முதலில் அளவுகோல் கொண்டே பார்த்தனர். 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர்க் கன்றுகள் ஒரு தொழிலுக்கே வித்தாயின. சித்தியவானில் 1903-இல் மெதடிஸ்ட் திருச்சபையின் துணையோடு சீன நாட்டு ஹொக்சியூ மக்கள் குடியேறிக் காடழித்துப் பயிர் செய்தனர். பின்னர் ரப்பரே அவ்வூரின் வாழ்வாயிற்று. தமிழ்த் தொழிலாளரும் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். நிலம் ஏக்கராகவும், மரம் வரிசையாகவும், மனிதன் ஆள்கணக்காகவும் பதிவாயினர். கணக்கேட்டில் வண்ணத்திற்கு இடம் ஏது?

விதியை முறித்தவர்

வண்ணத்தின் விடுதலைக்கு முதல் உதவி செய்தவர்கள் ஓவியரினும் தொழில் நுட்பத்தாரே எனலாம். பாரிசில் கோபெலின் நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராயிருந்த ஷெவ்ரூல் என்னும் வேதியியல் அறிஞர், 1839-இல் ஓர் அரிய நூலை வெளியிட்டார். நூல் மங்கித் தோன்றுகிறது என்று வந்த குறையை ஆராய்ந்த அவர், குற்றம் சாயத்தில் மட்டும் இல்லை, அருகே நிற்கும் நிறத்திலும் இருக்கிறது என்று கண்டார். சிவப்பின் பக்கத்தில் பச்சையை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். நீலத்தின் பக்கத்தில் செம்மஞ்சள் எரியும். இவ்வுண்மையை நம் சேலை நெசவாளர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். பச்சை உடலுக்கு அரக்குக் கரை வைத்தவர்க்கு அந்நூல் புதிதன்று.

அடுத்து, 1841-இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், வண்ணக் குழம்பை அடைத்து வைக்கத் தகரக் குழல் ஒன்றைச் செய்து காப்புரிமை பெற்றார். அதுவரை அறைக்குள் அரைத்துக் குழைத்தவர்கள் இனி வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலுக்கும் வயலுக்கும் போகலாயிற்று. வெளியே போன கண் வெளிச்சத்தைக் கண்டது.

1888-ஆம் ஆண்டு பிரான்சின் பிரித்தானி வட்டாரத்தில், செருசியே என்னும் இளைஞர் கோகன் என்பாரின் அருகில் நின்று ஒரு சிறு பலகையில் காட்டுக் காட்சி ஒன்றைத் தீட்டினார். மரம் உனக்கு மஞ்சளாகத் தோன்றினால் உன்னிடமுள்ள சிறந்த மஞ்சளை எடுத்து வை, நிழல் நீலமாகத் தோன்றினால் நீலத்தை அஞ்சாமல் வை என்பதே கோகன் தந்த பாடத்தின் சாரம். பின்னர் 1905-இல் மத்தீஸ், டெரேன் என்னும் இருவரும் தென்பிரான்சின் கொலியூர் என்னும் மீனவர் ஊரில் ஒரு கோடையைக் கழித்தனர். சிவந்த மரங்களையும், செம்மஞ்சள் மலைகளையும், பச்சையும் இளஞ்சிவப்புமான கடலையும் தீட்டிக்கொண்டு பாரிசுக்குத் திரும்பினர். அவ்வாண்டின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவற்றைக் கண்ட வோக்செல் என்னும் விமரிசகர், இவர்களைக் காட்டு விலங்குகள் என்று எள்ளினார். எள்ளலாய் வந்த பெயரே அந்த இயக்கத்தின் பெயராக நிலைத்துவிட்டது. இழிவாகச் சொன்ன சொல்லை எடுத்துத் தலையில் சூடிக்கொள்ளும் துணிவு சீர்திருத்தக்காரருக்குப் புதிதன்று.

வண்ணக்கோலின் பிறப்பு

மேற்கே நிகழ்ந்த இப்புரட்சி செல்வர் வீட்டுச் சுவர்களுக்கு உரியதாகவே முடிந்திருக்கும். அதனைச் சிற்றூர்ப் பிள்ளையின் கையில் சேர்த்த கதை கிழக்கே, ஜப்பானில் நிகழ்ந்தது. அதுவே நாம் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய பகுதி.

பாஸ்டல் என்பது பழைய பொருள். வண்ணப்பொடியைச் சிறிதளவு பிசினில் பிசைந்து குச்சியாக உருட்டி உலர்த்தினால் அது பாஸ்டல். எண்ணெய் இல்லை, பிசின் குறைவு. ஆகவே வண்ணம் தன் முழு வலிமையோடு நிற்கும். ஆனால் அது உதிரும், தொட்டால் கலையும், விலையும் மிகுதி. வெனிசு நகரத்து ரொசால்பா கரியேரா என்னும் பெண்மணியும், பிரான்சின் தெகாவும் அதனால் புகழ்பெற்றனர்; ஏழைப் பிள்ளைக்கு அது எட்டவில்லை.

ஜப்பானில் யமமோத்தோ கனயே (1882–1946) என்னும் மரச்செதுக்கு ஓவியர் இருந்தார். ஐரோப்பாவில் கற்றுவிட்டு ரஷ்யா வழியாகத் தாயகம் திரும்புகையில், மாஸ்கோவில் குழந்தைகள் தம் மனம்போல் தீட்டிய படங்களைக் கண்டு வியந்தார். தம் நாட்டுப் பள்ளிகளிலோ பிள்ளைகள் அரசினர் தந்த ஓவியப் பாடநூலைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தனர். எல்லாப் பிள்ளைகளும் ஒரே படம். எல்லாப் படமும் ஒரே நிறம். இதனை எதிர்த்து அவர் சுதந்திர ஓவிய இயக்கத்தைத் தொடங்கினார். 1919-இல் நாகானோ மாவட்டத்தின் ஒரு சிற்றூர்த் தொடக்கப்பள்ளியில் குழந்தைகளின் படங்களைத் திரட்டிக் கண்காட்சி வைத்தார். அது நாடெங்கும் பரவிற்று.

சுதந்திரமாகத் தீட்டச் சொன்னால் போதுமா? கருவி வேண்டாமா? அந்நாளைய மெழுகுக் குச்சிகள் கடினமானவை, நிறம் வெளிறியவை. இக்குறையைப் போக்க முனைந்த சாகுரா நிறுவனத்தார், மெழுகோடு எண்ணெயும் மிகுந்த வண்ணப்பொடியும் சேர்த்து, 1925-இல் எண்ணெய்ப் பாஸ்டலை வெளியிட்டனர். உதிராது, நீர் வேண்டாம், தூரிகை வேண்டாம், அழுத்தினால் அடர்ந்த நிறம், தடவினால் மென்னிறம். பிள்ளைகளுக்காகப் பிறந்த இப்பொருளைப் பெரியவர்கள் பின்னரே கண்டுகொண்டனர். பாரிசின் சென்னெலியே கடையார் பிக்காசோவின் விருப்பத்திற்கிணங்க 1949-இல்தான் ஓவியர்க்குரிய உயர்தர வகையைச் செய்தனர். இன்று மலேசியப் பள்ளிப் பிள்ளையின் பையில் கிடக்கும் வண்ணக்கோல் பெட்டி, பார்த்து எழுதுதலை எதிர்த்த ஒரு கல்விச் சீர்திருத்தத்தின் பிள்ளை என்பதை எத்தனை பெற்றோர் அறிவர்? அப்பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு மீண்டும் பார்த்து எழுதவே சொல்லுகிறோமே!

தமிழ் நிலமும் வண்ணமும்

இவையெல்லாம் பிற நாட்டார் கதை என்று ஒதுக்க வேண்டுவதில்லை. நிலத்திற்குப் பூவின் பெயரை இட்டவர் தமிழர். மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, வயலுக்கு மருதம், கடற்கரைக்கு நெய்தல் என்று அவர் பெயரிட்டபோது, நிலத்தின் அளவையோ எல்லையையோ முன்வைக்கவில்லை. அங்கே பூத்த பூவையே முன்வைத்தனர். நீலக் குறிஞ்சியும் வெண்முல்லையும் செம்மருதும் கருநெய்தலும் கண்ணுக்கு நிறமாகவே முதலில் எட்டும். புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலின் விதானத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய தாமரைக்குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் பூப்பறிக்கும் மாந்தரும் அடர்ந்த பச்சை இலைகளிடையே விளங்குகின்றனர். அதனைத் தீட்டியவன் கோட்டைக் காட்டிலும் வண்ணத்தைத் தாழ்வாக எண்ணவில்லை.

இடையில் அறுந்த இழையைச் சென்னையில் மீண்டும் பற்றியவர்களுள் கே. சி. எஸ். பணிக்கர் குறிக்கத்தக்கவர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், இளமையிலேயே தம் மலையாள நாட்டுச் சிற்றூரின் தென்னையையும் நீரையும் பளிச்சென்ற நிறங்களில் தீட்டலானார். தந்தையார் மறைந்தபின் குடும்பத்திற்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். 1936-இல், இருபத்தைந்தாம் வயதில்தான், சென்னை ஓவியப் பள்ளியில் சேர முடிந்தது. அப்பள்ளிக்கு 1929-இல் முதல் இந்தியத் தலைவராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அவருக்கு ஆசானானார். சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. பணிக்கர் 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார். 1957-இல் அப்பள்ளியின் தலைவரானார். 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் என்னும் ஓவியர் குடியிருப்பை நிறுவினார். அதன் நிலத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? ஓவியர்களே பத்தீக் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று ஈட்டினர். எந்தச் செல்வரின் வாசலிலும் நிற்காமல், கையுழைப்பால் தம் கலைக்கு நிலம் தேடியவர்கள் அவர்கள்.

மலாயாவின் வண்ணம்

பணிக்கர் பிறந்த அதே 1911-இல் சீனாவில் பிறந்து, சிறு வயதில் மூவாரில் வளர்ந்தவர் லியூ காங். பாரிசில் பயின்று, சாங்காயில் ஆசிரியப்பணி ஆற்றி, மலாயா திரும்பிச் சிங்கப்பூரில் நிலைத்தார். 1952-இல் அவரும் செங் சூ பியெங், சென் வென் சி, சென் சோங் சுவீ ஆகிய மூவரும் பாலித் தீவுக்குச் சென்று தீட்டிவந்தனர். மறு ஆண்டு அப்படங்கள் சிங்கப்பூரில் காட்சிக்கு வந்தன. அகன்ற தட்டையான நிறப்பரப்புகளும், அவற்றினிடையே வெள்ளைக் கோடுகளும் லியூ காங்கின் அடையாளம். பத்தீக் துணியில் மெழுகு காத்த இடம் வெள்ளையாய் நிற்பதைக் கண்டவர்க்கு அக்கோடு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுவதில்லை. பாரிசில் கற்ற துணிவு இந்நாட்டுத் துணியில் தன் உருவத்தைக் கண்டுகொண்டது.

அதே 1952-இல் கோலாலம்பூரில், கல்வித்துறையின் ஓவிய மேற்பார்வையாளராக வந்திருந்த பீட்டர் ஹாரிஸ் என்னும் ஆங்கிலேயர், புதன்கிழமை ஓவியக் குழுவைத் தொடங்கினார். இனம் பாராது எல்லாரும் வாரந்தோறும் கூடினர். ஒரே பாணியை எவர்மீதும் சுமத்தாது, அவரவர் உள்ளத்தில் தோன்றியதை அவரவர் வழியில் வெளியிடச் செய்தலே அக்குழுவின் கொள்கை. யமமோத்தோ ஜப்பானில் கேட்டதும் ஏறத்தாழ இதுவே.

அக்குழுவில் வளர்ந்தவர் ஸுல்கிப்ளி புயோங் (1948–2004). விக்டோரியா பள்ளி மாணவராயிருந்த அவர், பதின்பருவத்திலேயே பாஸ்டலை எடுத்துக்கொண்டார். கொசுவலை என்று பொருள்படும் படத்தை 1964-இலும், காகிதக் கப்பல் என்னும் படத்தை 1966-இலும் தீட்டினார். அரசரும் தேவரும் அவற்றில் இல்லை. விளையாடும் பிள்ளைகளே உள்ளனர். நிலக்காட்சி ஓவியர் என்று அவரைச் சொல்லுதற்கில்லை. ஆயினும் நிலக்காட்சி தீட்டுவோர் அவரிடம் கற்க வேண்டியது உண்டு. தரையும் நீரும் சுவரும் ஒவ்வொன்றும் ஒரே அடர்ந்த நிறத்தால் நிரம்பி, அந்நிறமே இடத்தின் உணர்வைத் தாங்கி நிற்கும். பள்ளிப் பையன் கையில் பள்ளிப் பிள்ளையின் கருவி! அது நாட்டின் கலைக்கூடத்திற்குச் சென்று சேர்ந்தது.

உள்ளுணர்வு என்பது என்ன?

துணிந்த வண்ணம் என்றால் வாய்க்கு வந்ததைப் பேசுவது போலக் கைக்கு வந்ததைப் பூசுவது என்று எண்ணிவிடலாகாது. உள்ளுணர்வு என்பது கற்றதை மறந்த அறிவு. பழக்கத்தில் ஊறிக் கேள்விக்கு இடமின்றி எழும் அறிவு. மரம் சீவும் கை அதற்குச் சான்று. பட்டையில் எத்துணை ஆழம் போகலாம், மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எங்கே வழியும் என்று சீவுகிறவர் அளந்து பார்ப்பதில்லை. கத்தி தானே அறியும். பல்லாயிரம் மரங்கள் கற்பித்த பாடம் அது. வண்ணமும் அவ்வாறே.

பாஸ்டலில் இது இன்னும் தெளிவு. தட்டில் குழைத்துப் பார்த்து, திருத்தி, பின் இடுவதற்கு அதில் இடமில்லை. கோலை எடுத்தபோதே முடிவு எடுத்தாயிற்று. ஆகையால் மூன்று செய்திகளைப் பழகுவோர் நினைவிற் கொள்வது நன்று. முதலாவது, நிறம் எதுவாயினும் அதன் ஒளியளவு தவறலாகாது. நிழலைக் கருநீலமாகவோ அரக்காகவோ இடலாம். ஆனால் அது வெயிலினும் இருண்டிருக்க வேண்டும். இது சரியானால் சிவப்பு மரமும் மரமாகவே நிற்கும். இரண்டாவது, எல்லா நிறமும் ஒருங்கே உரத்துக் கூவினால் எதுவும் செவியில் விழாது. ஓர் அடர்ந்த சிவப்புக்கு அடங்கிய சாம்பலும் பச்சையும் துணை நிற்க வேண்டும். மூன்றாவது, வெள்ளைத் தாளை விட்டுப் பழுப்பு அல்லது கருந்தாளில் தொடங்கினால் நிறத்தின் வலிமை கண்ணுக்கு உடனே தெரியும். கருமையை இழிந்ததென்று பழித்த உலகில், எல்லா நிறத்தையும் விளங்க வைப்பது கருமையே என்று ஓவியம் காட்டுகிறது.

இனிச் செய்ய வேண்டுவது

தோழர்களே! சித்தியவான் வட்டாரத்தில் பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனை இலையுதிர்த்துச் சிவப்பதில்லை. ஆண்டு முழுதும் ஒரே பச்சை. லயங்கள் பல இடிந்தன; மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். செவ்விலைக் காட்டைக் கண்ணாற் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குப்பின் அந்தச் சிவப்பை யார் சொல்லுவார்? மரம் பச்சை என்ற பழைய விதி, செம்பனைக் காட்டில் எதிர்ப்பாரின்றி உண்மையாகவே ஆகிவிடும்.

கோபுரத்திற்குப் புதுவண்ணம் பூசப் பணம் திரட்டும் நாம், பிள்ளைக்கு ஒரு பெட்டி வண்ணக்கோலும் பத்துத் தாளும் வாங்கித் தரத் தயங்குவது முறையோ? ஓவியம் சோறு போடாது என்று சொல்லுவோருக்குப் பணிக்கரின் வாழ்வும் சோழமண்டலத்தின் கைத்தொழிலும் விடை கூறும். சோறு போடும் தொழிலோடு சேர்ந்தே ஓவியமும் வளரலாம். ஒன்றை மற்றொன்று கொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் பெற்றோரும் ஒரு சிறு செயலைச் செய்து பார்க்கட்டும். ஓவியப் பாட வேளையில் மாதிரிப் படத்தை மூடி வையுங்கள். பிள்ளையை லூமுட் கரைக்கோ, பங்கோர்த் தீவின் பின்னே பொழுது சாயும் கடலோரத்திற்கோ, எஞ்சியிருக்கும் பால்மரக் காட்டிற்கோ அழைத்துச் செல்லுங்கள். பாட்டன் பாட்டியரை உடன் இருத்தி, இலையுதிர் காலத்தில் காடு எப்படியிருந்தது என்று சொல்லச் செய்யுங்கள். பிறகு பிள்ளையின் கை எந்தக் கோலை எடுக்கிறது என்று பாருங்கள், தடுக்காதீர்கள்.

அக்கை சிவப்பை எடுத்தால், "மரம் பச்சையல்லவா?" என்று கேட்பாரைப் பிள்ளையே திருத்தட்டும். "நீங்கள் மாசி மாதத்தில் வந்து பார்க்கவில்லை, ஐயா" என்று அது பணிவோடு சொல்லட்டும்.